வெளிநாட்டுக் கல்விப் பயணம்: வறுமையை இரண்டு வாரத்தில் படிக்க முடியுமா?

தேர்வு முடிந்த கையோடு சாங்கி விமான நிலையத்தில் ஒரே நிற டி-சட்டை போட்ட மாணவர் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். மே மாதத்திலும் டிசம்பரிலும் அது வழக்கமான காட்சி. சிலர் பரிமாற்றத் திட்டத்துக்குப் போகிறவர்கள். வேறு சிலர் கம்போடியா, வியட்நாம், லாவோஸ், இந்தோனேசியா, நேபாளம், இந்தியா போன்ற நாடுகளின் கிராமங்களுக்குப் போகிறவர்கள். "வறுமை, சமூக மேம்பாடு" என்று அந்தப் பயணத்தின் விளம்பரத்தாளில் போட்டிருக்கும்.

வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். "ஏன்டா, காசையும் கொடுத்துட்டு அங்க போயி சுவருக்குச் சாயம் அடிக்கணுமா? அதை இங்கயே அடிச்சா என்ன?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், இந்தப் பயணங்களில் என்ன நடக்கிறது, எது உருப்படியானது, எது கெடுதல் என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

எத்தனை வகைப் பயணங்கள்?

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் மூன்று வகை உண்டு. முதலாவது, பாடத்தோடு சேர்ந்த கல்விப் பயணம். பேராசிரியர் ஒருவர் கூடவே வருவார், கட்டுரை எழுத வேண்டும், சிலவற்றுக்கு மதிப்பெண்ணும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டியர்' திட்டம் இந்த வகை. இரண்டாவது, தொண்டூழியப் பயணம். மாணவர்களே குழு சேர்த்து, நிதி திரட்டி, ஒரு கிராமத்தில் ஏதாவது கட்டிக்கொடுப்பது அல்லது சொல்லிக்கொடுப்பது. மூன்றாவது, அங்குள்ள அமைப்பு ஒன்றில் சில மாதங்கள் வேலைப் பயிற்சி.

2000இல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், பட்டம் பெற 80 மணி நேரச் சமூக சேவையைக் கட்டாயமாக்கியது. அந்த மணி நேரத்தை வெளிநாட்டில் செய்துமுடித்தவர்கள் நிறைய பேர். அதே 2000இல்தான் ஒய்இபி எனப்படும் இளையர் பயணத் திட்டமும் வந்தது. இந்த வட்டாரத்து நாடுகளில் தொண்டூழியம் செய்யப் போகும் இளையர் குழுக்களுக்கு அது நிதி ஆதரவு தருகிறது. கிருமிப்பரவல் காலத்தில் எல்லாம் நின்றுபோய், 2022 முதல் மறுபடியும் சூடு பிடித்தது.

விண்ணப்பிக்கும் முன்னால் உங்கள் பயணம் இந்த மூன்றில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். படிக்கப் போகிறவரும் உதவப் போகிறவரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆனால், அந்த இரண்டு வேலைக்கும் தேவைப்படும் தயாரிப்பு வேறு.

வறுமை என்று எதைச் சொல்கிறோம்?

உலக வங்கி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. 2015இல் அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1.90 அமெரிக்க டாலர். 2022இல் 2.15 ஆனது. 2025 ஜூனில் 3 டாலராக மாற்றினார்கள். கோட்டை உயர்த்திய அன்று, அதற்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. அந்த மக்களின் வாழ்க்கையில் அன்றைக்கு எதுவுமே மாறவில்லை.

பக்கத்தில் இருக்கும் மலேசியாவைப் பாருங்கள். அங்கு வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு என்று ஒரு காலத்தில் அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது. 2019 ஆகஸ்டில் அங்கு சென்ற ஐக்கிய நாடுகளின் சிறப்பு அதிகாரி ஃபிலிப் ஆல்ஸ்டன், இந்தக் கணக்கு நம்பும்படியாக இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். மறு ஆண்டு, குடும்பத்துக்கான மாத வருமானக் கோடு 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தப்பட்டது. 2019க்கான விகிதம் 5.6 விழுக்காடு என்று ஆனது. சிங்கப்பூரில் அதிகாரபூர்வ வறுமைக் கோடே கிடையாது.

வருமானத்தை மட்டும் வைத்து அளப்பது போதாது என்பதால், ஐக்கிய நாடுகளின் மேம்பாட்டுத் திட்டமும் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2010இல் பல பரிமாண வறுமைக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று மூன்று பிரிவு, அதற்குள் பத்து அளவீடுகள். என்ன எரிபொருளில் சமைக்கிறார்கள், வீட்டின் தரை மண்ணா சிமெண்டா என்பதெல்லாம் அதில் வரும். ஒரு கிராமத்துக்குப் போகும் மாணவருக்கு டாலர் கணக்கைவிட இந்தப் பத்தும்தான் கைகொடுக்கும், ஏனென்றால் இவற்றை வீட்டுக்குள் போனாலே பார்க்கலாம், கேட்கலாம்.

தார்ச்சாலை ஓரத்து ஏழ்மை

இந்த விஷயத்தில் நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் பழசாகாத ஒருவரின் பேச்சு உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் எழுதிய கிராமிய வளர்ச்சி பற்றிய நூலில், நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும் நிபுணர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்: கிராமிய வளர்ச்சிச் சுற்றுப்பயணிகள். அவர் குறிவைத்தது அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும். மாணவர் குழுவுக்கும் அச்சு மாறாமல் பொருந்துகிறது.

அவர் சொன்னது இதுதான். வண்டி எங்கே போகுமோ அங்கேதான் நாம் போகிறோம். தார்ச்சாலை ஓரத்தில் இருக்கும் வீடுகள் எப்போதுமே கொஞ்சம் வசதியானவை. நிலத்தின் விலையும் கடையும் மின்சாரமும் சாலையைப் பிடித்துக்கொண்டு வரும். வசதி இல்லாதவர்கள் உள்ளே தள்ளிப் போவார்கள். அடுத்தது, திட்டம் நடக்கிற இடத்துக்குத்தான் கூட்டிப்போவார்கள், திட்டமே எட்டாத கிராமத்துக்கு யாரும் கூட்டிப்போவதில்லை. பேசுகிறவர் ஊர்த் தலைவராகவோ ஆசிரியராகவோ இருப்பார், பெரும்பாலும் ஆணாக இருப்பார். நோயில் படுத்திருப்பவர், பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போனவர், இறந்துபோனவர் எவரும் கூட்டத்துக்கு வரமாட்டார். விருந்தாளி மனம் கோணக்கூடாது என்று கெட்ட செய்தியைச் சொல்லமாட்டார்கள். நாமும் மரியாதைக்காகக் கேட்கமாட்டோம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பருவம் பற்றி அவர் சொன்னது. மழைக்காலத்தில் சாலை கெட்டுப்போகும் என்று வெளியாட்கள் வறண்ட காலத்தில்தான் வருவார்கள். ஏழைகளுக்கு ஆகக் கடுமையான காலமோ அறுவடைக்கு முந்திய மழைக்காலம். பழைய நெல் தீர்ந்திருக்கும், புது நெல் வந்திருக்காது, வயல் வேலை அதிகமாக இருக்கும், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அப்போதுதான் பரவும், கடன் வாங்குவதும் அப்போதுதான்.

இதை நம் பல்கலைக்கழக நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். கம்போடியாவில் மழைக்கால நெல் அறுவடை நவம்பர் வாக்கில் தொடங்கி ஜனவரி வரை போகும். நம் மாணவர்கள் போய் இறங்குவது டிசம்பரில். களஞ்சியத்தில் நெல் இருக்கும், கல்யாணங்கள் நடக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். "கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதுவது இந்த மாதத்தில்தான். பற்றாக்குறை மாதங்களான ஆகஸ்ட், செப்டம்பரில் அவர்கள் இங்கே விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

டோன்லே சாப் ஏரியை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் கண்கூடாகத் தெரியும். வறண்ட காலத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் மெக்கோங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே பாயும். பரப்பு 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சிங்கப்பூர் அளவில் சொன்னால், மூன்றரை சிங்கப்பூர் பதினான்கு சிங்கப்பூர் ஆகிறது. கம்போங் ப்லுக் போன்ற ஊர்களில் உயரமான கம்பங்களின்மேல் வீடு கட்டியிருப்பது அதற்காகத்தான். வறண்ட காலத்தில் போனவர் ஏணி வைத்து ஏறிய வீட்டுக்கு, வெள்ளக் காலத்தில் போகிறவர் படகில் போய் வாசலில் இறங்குவார். ஒரே ஊர், ஒரே வீடு. இரண்டு பேரும் எழுதும் கட்டுரை மட்டும் ஒன்றாக இருக்காது.

போகும் மாதத்தை மாற்ற முடியாதுதான். ஆனால் கேள்வியை மாற்றலாம். "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "எந்த மாதம் கஷ்டம்? அந்த மாதம் என்ன சாப்பிடுவீர்கள்? யாரிடம் கடன் வாங்குவீர்கள்?" என்று கேட்கலாம். சேம்பர்ஸும் அவர் கூட்டாளிகளும் பரப்பிய கிராமியப் பங்கேற்பு முறையில் இதற்கென்றே பருவ நாட்காட்டி உண்டு. தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஊர்க்காரர்களே கூழாங்கல்லையோ விதைகளையோ வைத்து, எந்த மாதம் வேலை, எந்த மாதம் பசி, எந்த மாதம் நோய் என்று காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கலந்துகொள்ளலாம். மாணவர்கள் ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டுவிடலாம், செலவும் இல்லை.

கிணறு வெட்டிக் கொடுத்தால் நல்லதுதானே?

தொண்டூழியக் குழுக்களுக்குப் பிடித்த வேலைகள் சில உண்டு: சுவருக்குச் சாயம், நூலகம், கழிப்பறை, கிணறு. கிணற்றின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பங்களாதேஷில் 1970களிலிருந்து குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் போடப்பட்டன. குளத்து நீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் இறந்துகொண்டிருந்த நாடு அது. யூனிசெஃப் உட்பட எல்லாரும் நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். 1993இல் அந்தக் கிணற்று நீரில் ஆர்செனிக் நஞ்சு இருப்பது உறுதியானது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பல ஆண்டுகள் குடித்த பிறகுதான் தோலில் புள்ளிகளாகவும் புண்ணாகவும், பின்னர் புற்றுநோயாகவும் வெளிப்படும். வரலாற்றில் ஆகப் பெரிய அளவில் மக்கள் நஞ்சுக்கு ஆளான சம்பவம் என்று 2000இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரை அதை வருணித்தது.

அப்புறம் நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, பாதுகாப்பானதற்குப் பச்சைச் சாயம், ஆபத்தானதற்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள். சாயம் அடிப்பது உயிர் காக்கும் வேலையாக ஆனது அங்கேதான்.

கம்போடியாவில் மெக்கோங் ஓரத்துக் காண்டால் மாநிலத்திலும் நிலத்தடி நீரில் அதே நஞ்சு இருக்கிறது. உங்கள் குழு கிணறு போடுவதாக இருந்தால் முதல் கேள்வி: தண்ணீரை யார் சோதிப்பார்? உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த எண்ணைச் சொன்னதும் உள்ளூர்ப் பங்காளி அமைப்பு விழித்தால், வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டாவது கேள்வி: மூன்று ஆண்டு கழித்துப் பம்பின் வாஷர் தேய்ந்தால் மாற்றப்போவது யார், அதற்கு எங்கே காசு?

பிள்ளைகள் இல்லங்களுக்குப் போகலாமா?

இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடலாம்: வேண்டாம்.

கம்போடியாவில் 2005இல் 154 ஆக இருந்த ஆதரவற்ற பிள்ளைகள் இல்லங்கள் 2010இல் 269 ஆயின. அந்த ஐந்து ஆண்டில் அங்கு போரோ பஞ்சமோ வரவில்லை. வந்தவர்கள் சுற்றுப்பயணிகளும் தொண்டூழியர்களும் நன்கொடையாளர்களும்தான். இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. "இங்கே இருந்தால் படிப்பு, சாப்பாடு கிடைக்கும்" என்று சொல்லிப் பெற்றோரிடமிருந்து வாங்கி வந்த பிள்ளைகள் அவர்கள். சில இல்லங்களுக்குப் பிள்ளைகளின் வாடிய முகமே வருமானம். நன்றாக வைத்துக்கொண்டால் நன்கொடை குறைந்துவிடும்.

நல்ல இல்லமாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. இரண்டு வாரம் மடியில் தூக்கிக் கொஞ்சிய அக்காவும் அண்ணனும் திடீரென்று விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்த வாரம் வேறு அக்கா. பெற்றோரைப் பிரிந்த ஒரு பிள்ளைக்கு இதை ஆண்டுக்குப் பத்து முறை செய்தால் என்ன ஆகும் என்று குழந்தை நல நிபுணர்கள் நீண்ட காலமாகவே எச்சரித்து வருகிறார்கள். ஆஸ்திரேலியா தனது 2018ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தை ஒட்டி, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுவருவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே கருதத் தொடங்கியது. உங்கள் பயண நிரலில் "பிற்பகல்: ஆதரவற்றோர் இல்லத்தில் விளையாட்டு" என்று இருந்தால், அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் போகவே வேண்டாமா?

போகவே வேண்டாம் என்று சொன்னவரும் உண்டு. இவான் இலிச் என்ற சிந்தனையாளர் 1968இல் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில், கிராமங்களில் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் மாநாட்டுக்கே போய், உங்கள் நல்லெண்ணம் யாருக்கும் தேவையில்லை, ஊர் சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அழைத்தவர்களின் முகத்துக்கு நேராகவே!

அவர் விட்டுவைத்த அந்த ஒரு வாசல், அதாவது படிக்கப் போவது, இன்றைக்கும் திறந்தே இருக்கிறது. அதற்கு ஆகச் சிறந்த உதாரணத்துக்கு விமானமே தேவைப்படவில்லை. 1976இல் பங்களாதேஷின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த முகம்மது யூனுஸ், வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்த ஜோப்ரா கிராமத்துக்கு நடந்து போனார். மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடமே கடன் வாங்கி, செய்ததை அவர் சொன்ன விலைக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சிக்கியவர்கள் யார் யார், எவ்வளவு கடன் என்று மாணவி ஒருவரை வைத்துப் பட்டியல் எடுத்தார். 42 பேர். மொத்தக் கடன் 27 அமெரிக்க டாலருக்கும் குறைவு. அந்தப் பட்டியலிலிருந்து வளர்ந்ததுதான் 1983இல் வங்கியான கிராமீன் வங்கி. 2006இல் அமைதிக்கான நோபெல் பரிசு.

இந்தக் கதையின் பிற்பகுதியையும் மாணவர்கள் படிக்க வேண்டும். 2010இல் ஆந்திராவில் நுண்கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் தவித்தது பெரிய நெருக்கடியானது. 2015இல் ஹைதராபாத் உட்பட ஆறு இடங்களில் நடந்த ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. நுண்கடனால் ஓரளவு பயன் உண்டு, ஆனால் வறுமையிலிருந்து தூக்கிவிடும் அளவுக்கு இல்லை என்பதே அவற்றின் சாரம். வெற்றி பெற்ற கிளை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் குழுவுக்கு இது தெரியவே வராது.

அதே பங்களாதேஷில், ஃபஸ்லே ஹசன் அபேட் 1972இல் தொடங்கிய பிராக் அமைப்பு, 2002இல் இன்னொரு வழியை முயன்றது. ஆகக் கீழே இருக்கும் குடும்பத்துக்கு மாடோ ஆடோ கொடுப்பது, சில மாதம் சாப்பாட்டுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, வாரத்துக்கொரு முறை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஊழியர். இரண்டு ஆண்டுக்கு இப்படி. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 10,000 குடும்பங்களை வைத்துச் சோதித்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. இரண்டு ஆண்டு, வாரம் ஒரு முறை வருகை. நம் பயணம் இரண்டு வாரம். அதில் ஒரு கிராமத்தை மாற்றிவிடலாம் என்று எந்த விளம்பரத்தாளாவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அருகில் இருந்து பார்க்கப் போதும், அவ்வளவுதான்.

மேலாண்மை, மருத்துவம் படிப்பவர்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அப்படிப்பட்ட இடம். 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. காசு கட்டும் நோயாளிகளின் வருமானத்தில் மற்றவர்களுக்கு இலவச அறுவை சிகிச்சை எப்படிச் சாத்தியமாகிறது என்று படிக்க உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். நம் தமிழ் மாணவர்களுக்கு அங்கே ஒரு கூடுதல் வசதி, மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நோயாளியிடம் நேராகவே பேசலாம்.

காசுக் கணக்கு

20 மாணவர்கள், ஆளுக்கு 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30,000 வெள்ளி. கம்போடியாவில் ஆடைத் தொழிற்சாலை ஊழியரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 208 அமெரிக்க டாலர். அந்த 30,000 வெள்ளி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுச் சம்பளம். அதைக்கொண்டு உள்ளூர்க் கொத்தனார்களை வைத்தால் சுவர் இன்னும் நேராக நிற்கும்.

ஆகவே, செலவை உதவிக் கணக்கில் எழுதாமல் படிப்புக் கணக்கில் எழுதுவதே நேர்மை. படிப்புக்குச் செலவு செய்வது தப்பில்லையே! உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் பணம் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட சில வெளிநாட்டுத் திட்டங்களுக்குப் பயன்படுத்தலாம். உங்கள் திட்டம் அதில் சேருமா என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள். பணவசதி குறைந்த மாணவர்களுக்குத் தனி நிதியுதவியும் பல இடங்களில் உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன்

விளக்கக் கூட்டத்துக்குப் போனால் விடுதி எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். அவற்றோடு இவற்றையும் கேட்டுப் பாருங்கள். இந்த வேலையை வேண்டும் என்று கேட்டது யார், கிராமமா நாமா? உள்ளூர்ப் பங்காளி அமைப்பு அங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறது? போன ஆண்டுக் குழு செய்தது இப்போது என்ன நிலையில் இருக்கிறது? மொழிபெயர்ப்பவர் யார்? ஊர்த் தலைவரின் மகனே மொழிபெயர்த்தால், தலைவரைப் பற்றிய குறை உங்கள் காதுக்கு வராது.

பாதுகாப்பு விஷயத்தில், வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிந்துகொள்வது, அவசர மருத்துவப் போக்குவரத்தும் சேர்ந்த காப்புறுதி, தடுப்பூசி ஆகிய மூன்றும் முடிந்ததா என்று பெற்றோர் சரிபார்க்கலாம். கிராமத்திலிருந்து ஆக அருகில் உள்ள மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். ஏற்பாட்டாளருக்கு உடனே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. புளோக் கீழே விளையாடும் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் படமெடுத்து இணையத்தில் போட்டால் நாம் சும்மா இருப்போமா? அங்கேயும் அதே அளவுகோல்தான். பெற்றோரைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

'இதை இங்கேயே செய்யக்கூடாதா' என்ற அம்மாவின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. செய்யலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் தியோ யூ யென், இங்குள்ள வாடகை வீடுகளுக்குப் பல ஆண்டு திரும்பத் திரும்பப் போய், குடும்பங்களோடு பேசி, சமத்துவமின்மை பற்றி 2018இல் வெளியிட்ட நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. பருவ நாட்காட்டியின் அதே கேள்வி இங்கேயும் செல்லும்: எந்த மாதம் ஆகக் கஷ்டம்? பள்ளி திறக்கும் ஜனவரியா, வேலை குறையும் மாதமா? வெளிநாடு போகும் முன் ஒரு பருவம் இங்கே பழகிவிட்டுப் போகிறவர்கள் அங்கே கேள்வி கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

திரும்பி வந்ததும் பெரும்பாலான குழுக்கள் ஓர் அறிக்கை எழுதிப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்கின்றன. இரண்டு பக்கச் சுருக்கத்தையாவது கெமர் மொழியிலோ பாஹாசா இந்தோனேசியாவிலோ மொழிபெயர்த்து, தகவல் சொன்னவர்களுக்கே அனுப்பலாம். அதற்கான செலவைப் பயணத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள், திரும்பி வந்த பிறகு கேட்டால் பணம் மிச்சம் இருக்காது.